பழியின் இடம்: கிரகாம் கிரீனின் நாவலும் இரண்டு திரைப்படங்களும்

ஒரு நாவல் திரைப்படமாகும்போது எந்தக் காட்சி விடுபட்டது, எந்தப் பாத்திரம் புதிதாகச் சேர்ந்தது என்று கணக்கெடுப்பதே தழுவல் பற்றிய ஆய்வாகப் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. மூலநூல் குற்றத்தின் பொறுப்பை யார்மேல் சுமத்துகிறதோ அவர்மேலேயே படமும் சுமத்துகிறதா என்று கேட்பது அதனினும் முதன்மையானது. போர்க்காலச் சூழ்ச்சியைப் பொருளாகக் கொண்ட நாவலுக்கு இக்கேள்வி இன்றியமையாதது. கிரகாம் கிரீன் 1955இல் வெளியிட்ட ‘தி கொயட் அமெரிக்கன்’ 1958இலும் 2002இலும் இருமுறை படமாக்கப்பட்டதால், இக்கேள்வியை எழுப்பிப் பார்ப்பதற்கு ஏற்ற நூலாக அது அமைகிறது.

பிரெஞ்சுக் குடியேற்ற ஆட்சி வியட்நாமில் தன் இறுதிப் போரை நடத்திக்கொண்டிருந்த காலத்தில் கிரீன் செய்தியாளராகப் பலமுறை சைகோன் சென்றுவந்தார். பிரெஞ்சுக்காரரும் வேண்டாம், கம்யூனிஸ்டுகளும் வேண்டாம், இருவருக்கும் அப்பாற்பட்ட உள்நாட்டுத் தலைமை ஒன்றை வளர்த்தெடுக்கலாம் என்று அமெரிக்கர் சிலர் கொண்டிருந்த எண்ணமே ‘மூன்றாம் சக்தி’ எனப்பட்டது. நாவலில் வரும் ஆல்டன் பைல் என்னும் இளைஞர் இக்கோட்பாட்டை நூல்வழிக் கற்று, பொருளாதார உதவிப் பணியாளர் என்ற போர்வையில் தளபதி தே என்பவருக்கு வெடிபொருள் கிடைக்கச் செய்கிறார். அது நகரின் நடுச்சதுக்கத்தில் வெடித்துப் பொதுமக்களைக் கொல்கிறது. தே கற்பனைப் பாத்திரமல்லர். காவோ தாய் சமயப் படையிலிருந்து பிரிந்துசென்ற திரின் மின் தே என்னும் தளபதியே அவர். சைகோனில் 1952 ஜனவரியில் நிகழ்ந்த குண்டுவெடிப்பே கதையின் மையக்காட்சிக்கு அடிப்படை.

ஜோசப் எல். மான்கீவிச் எழுதி இயக்கிய 1958ஆம் ஆண்டுப் படம், கதையின் நிகழ்ச்சி வரிசையைப் பெரும்பாலும் காத்துக்கொண்டே அதன் நீதியைத் தலைகீழாக்கியது. அதில் அமெரிக்க இளைஞர் குற்றமற்றவர். அவர் தருவித்தது பொம்மை செய்வதற்கான பிளாஸ்டிக். ஆங்கிலச் செய்தியாளர் ஃபௌலர் கம்யூனிஸ்டுகளின் வலையில் சிக்கி, ஒரு நிரபராதியின் சாவுக்குத் துணைபோகிறார். அமெரிக்க உளவு அதிகாரி எட்வர்டு லான்ஸ்டேல் 1956இல் மான்கீவிச்சுக்கு எழுதிய கடிதத்தில், குண்டுவெடிப்புக்குத் தே உரிமை கோரியதை அறிந்திருந்தும், பழியைக் கம்யூனிஸ்டுகள்மேல் ஏற்றிவிடலாம் என்றே யோசனை கூறியிருந்தார். படம் பழியை இவ்வாறு இடம்மாற்றியது கலைஞனின் உரிமை என்று கடந்துபோகத் தக்கதன்று. இறந்தவர்களுக்கு நடந்ததையே மாற்றி எழுதிய செயல் அது. கிரீன் அப்படத்தை வெளிப்படையாகக் கண்டித்தார்.

ஃபிலிப் நோய்ஸ் இயக்கிய 2002ஆம் ஆண்டுப் படம் பழியை மீண்டும் உரிய இடத்துக்குக் கொண்டுவந்தது. மைக்கேல் கெய்ன் ஃபௌலராக நடித்த அப்படம் வெளிவருவதற்கே போராட வேண்டியிருந்தது. நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்குப் பின் அமெரிக்காவைக் குறைகூறும் படத்தை வெளியிடத் தயங்கிய நிறுவனம் அதை ஓராண்டுக்கு மேல் நிறுத்திவைத்தது. எனினும் இப்படமும் ஒரு நுட்பமான இடத்தில் நாவலை விட்டு விலகுகிறது. நாவலின் பைல் சதுக்கத்தில் சிதறிய உடல்களுக்கிடையே திகைத்து நின்று, அமைச்சரைச் சந்திக்குமுன் காலணியில் படிந்த குருதியைத் துடைக்க வேண்டும் என்று கவலைப்படுகிறார். அன்று படை அணிவகுப்பு நடக்கும் என்றே அவர் நம்பியிருந்தார். படத்தின் பைலோ வியட்நாமிய மொழியைச் சரளமாகப் பேசி, புகைப்படக்காரரை ஏவி, அழிவைப் பதிவுசெய்யச் சொல்லும் தேர்ந்த உளவாளி. கொடியவனை வெறுப்பது எளிது. நன்மை செய்வதாக உளமார நம்பி அழிவை விளைவிப்பவனைக் கண்டு அஞ்சுமாறு வாசகரைச் செய்ததே கிரீனின் அரிய சாதனை, அந்த அச்சமே படத்தில் குறைந்துவிட்டது. நாவலில் ஃபௌலருக்கு உதவியாளராக இருக்கும் இந்தியர் டொமிங்கஸ் மறைந்து, அவர் இடத்தில் ஹின் என்னும் வியட்நாமியர் வருவது இந்திய வாசகர் கவனிக்க வேண்டிய மற்றொரு மாற்றம்.

நாவலில் கதை முழுவதையும் ஃபௌலரே சொல்கிறார் என்பதால் பழி யாருடையது என்னும் சிக்கல் மேலும் ஆழமாகிறது. தான் எந்தப் பக்கமும் சாராதவன் என்று சொல்லிக்கொள்ளும் அவர், தன் காதலி ஃபுவோங்கைப் பைல் கவர்ந்துகொண்ட பின்னரே அவர் கொல்லப்படுவதற்கு உடன்படுகிறார். அந்த முடிவில் அறச்சீற்றம் எவ்வளவு, பொறாமை எவ்வளவு என்பது அவருக்கே தெளிவாக இல்லை. கண்ணால் கண்டதை உண்மையென நம்பவைக்கும் கேமராவால் இந்த ஐயத்தை எளிதில் காட்ட இயலாது. கெய்னின் களைத்த முகம் அதன் ஒரு பகுதியையேனும் தாங்கிநிற்பது அப்படத்தின் பெரும்பேறு. திரைக்கலை பயிலும் மாணவர்கள் சதுக்கக் குண்டுவெடிப்புக் காட்சி ஒன்றையேனும் நாவலில் படித்து, இரு படங்களிலும் அடுத்தடுத்துப் பார்த்து ஒப்பிட வேண்டும்.