காகம் சொன்ன விருந்து

காலையில் கொல்லைச் சுவரில் காகம் விடாமல் கரைகிறது. பதினொரு மணிக்கு ஊரிலிருந்து சித்தப்பா பையும் கையுமாக வந்து நிற்கிறார். "அப்பவே காக்கா சொல்லிச்சு" என்று வீடே சிரிக்கிறது. இது சங்க காலத்து நம்பிக்கை. விருந்து வருவதை அறிவித்த காகத்தைக் குறுந்தொகையில் புகழ்ந்ததால்தான் புலவர் நச்செள்ளையாருக்குக் காக்கைபாடினியார் என்ற பெயரே அமைந்தது என்பார்கள். ஆனால் காகம் கரையாத நாள்தான் ஏது? கரைந்தும் யாரும் வராத நாட்களை எவரும் நினைவில் வைப்பதில்லை. தற்செயலைக் காரணமாக எண்ணும் இந்த மயக்கம் பறவைக்கும் உண்டு என்றார் அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர். 1948இல் அவர் வெளியிட்ட ஆய்வில், பசித்த புறாக்கள் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் குறித்த இடைவெளியில் இரை வந்தது. ஒன்று கூண்டுக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. இன்னொன்று தலையை ஆட்டியது. தான் ஆடியதால்தான் இரை வந்தது என்ற நினைப்பு போலும்! (அது இரையை எதிர்பார்க்கும் இயல்பான அசைவுதான் என்று பின்னால் மறுத்தவர்களும் உண்டு.)

காகம் மனித முகத்தையே அடையாளம் காணும் அறிவுள்ள பறவையாயிற்றே என்று கேட்கலாம். உண்மைதான், ஆனால் அது கவனிப்பது நம் அடுப்படியை. விருந்தாளி வருவது தெரிந்த வீட்டில் விடிந்ததுமே மீன் ஆய்வார்கள், வடை சுடுவார்கள். அங்கே காகம் கூடுவதில் தற்செயல் குறைவு. ஆகவே சொல்லாமல் கொள்ளாமல் வருகிறவர்களை வைத்துத்தான் காகத்தைச் சோதிக்க முடியும். கரைந்த நாளையும் ஆள் வந்த நாளையும் நாட்காட்டியில் தனித்தனியே குறித்து வந்தால் போதும்.