வாசிப்பதும் விளங்கிக்கொள்வதும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கல்விக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நம் பிள்ளைகள் ஆங்கிலப் பாடத்தில் நல்ல மதிப்பெண் பெறுகின்றனர். மகிழ்ச்சியே. ஆயினும் ஒன்றை வெளிப்படையாகக் கூற வேண்டியுள்ளது. ஆங்கிலப் பத்தியொன்றைத் தங்குதடையின்றி உரக்க வாசிக்கும் பிள்ளையிடம், "இதில் என்ன சொல்லப்பட்டிருக்கிறது? தமிழில் சொல்" என்று கேட்டால், பல வேளைகளில் மௌனமே பதிலாக வருகிறது. அவ்வாறாயின் தேர்வில் விடை எழுதுவது எங்ஙனம்? வினாவிலுள்ள சொல் பத்தியின் எந்த வரியில் வருகிறதோ, அந்த வரியை அப்படியே எடுத்தெழுதிவிடுகின்றனர். மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. தேர்வுத் தாளில் பலிக்கும் இந்த உத்தி, மருந்துப் பெட்டியின் முன்னும் வேலை ஒப்பந்தத்தின் முன்னும் பலிப்பதில்லை.

வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். 1971ஆம் ஆண்டு வங்கதேசப் போரின்போது, எல்லையோர பங்கான் நகரில் அகதிகளிடையே காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் போதாத நிலையில், டாக்டர் திலீப் மஹலனபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து ஏராளமான உயிர்களைக் காத்தார். அந்த முறையே இன்று பொடியாக நம் கைக்கு வருகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 20.5 கிராம் பொடிக்கு 1 லிட்டர் நீர். 200 மி.லி. நீருக்குரிய சிறு பாக்கெட்டுகளும் கடைகளில் உண்டு. எந்தப் பாக்கெட்டிற்கு எவ்வளவு நீர் என்பது உறையில் சிறிய எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளர் நீரில் கரைத்துக் கொடுத்தால் இரத்தத்தில் உப்பு மிகுந்து குழந்தைக்கு ஆபத்தாகும்.

இந்த உறையின் வாசகமே நல்லதொரு பயிற்சிப் பத்தி. எவ்வளவு நீர் என்பது எளிய வினா. விடை வரியிலேயே இருக்கிறது. கரைத்த நீரை 24 மணி நேரத்திற்குள் பயன்படுத்த வேண்டும், மிஞ்சியதை 'டிஸ்கார்ட்' செய்ய வேண்டும் என்றிருந்தால், அச்சொல்லின் பொருள் யாது? அகராதியை உடனே திறக்க வேண்டியதில்லை. காலம் கடந்த நீரை என்ன செய்வார்கள் என்று எண்ணினாலே கொட்டிவிடுவது என்று விளங்கும். பொருள் முன்பே பழகியதாக இருப்பதால்தான் இது கைகூடுகிறது. காணாத ஊரின் பனிச்சறுக்கைப் பற்றிய பத்தியில் சொல்லும் புதிது, செய்தியும் புதிது. பிள்ளை எதைப் பற்றிக்கொண்டு நிற்கும்? நாளொன்றுக்குப் பத்துச் சொல் மனப்பாடம் செய்விப்பதைவிட இதுவே பயன்தரும் என்பது எங்கள் கருத்து.

இனி, கடினமான வினா. கூடுதலாகச் சர்க்கரை சேர்க்கலாம் என்று பத்தி கூறுகிறதா? சிலர் 'ஆம்' என்பர். சிலர் 'கூடாது என்கிறது' என்பர். பத்தியோ அதைப் பற்றிப் பேசவே இல்லை! தாமறிந்ததைத் தாளின் மீது ஏற்றிப் படிப்பதால் நேரும் பிழை இது. கனடாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் செல்ல விழைவோர் எழுதும் ஐ.ஈ.எல்.டி.எஸ். தேர்வின் வாசிப்புத் தாளில் 60 நிமிடங்களில் 40 வினாக்கள். அவற்றுள் சரி, தவறு என்பவற்றோடு 'கூறப்படவில்லை' என்ற மூன்றாவது விடையும் இடம்பெறும் வினா வகை ஒன்றுண்டு. அதன் பொதுப் பயிற்சிப் பிரிவில் வருபவையும் அறிவிப்புகள், விளம்பரங்கள், பணியிட விதிகள் போன்ற அன்றாட வாசகங்களே.

வளைகுடா செல்வோருக்கு ஒரு சொல். தமிழில் வினை கடைசியில் வருவதால், உண்டா இல்லையா என்பதை வாக்கியத்தின் முடிவில் அறியப் பழகியவர்கள் நாம். ஆங்கிலத்தில் 'நாட்', 'அன்லெஸ்', 'எக்செப்ட்' போன்ற சிறு சொற்கள் நடுவிலேயே வந்து பொருளைத் திருப்பிவிட்டுப் போய்விடும். ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. தகுதிகாண் காலம் 6 மாதத்தை மிஞ்சலாகாது என்பது அதன் விதி. 'நாட்' என்பதைத் தவறவிட்டு 'சிக்ஸ் மந்த்ஸ்' என்பதை மட்டும் பிடித்துக்கொள்பவர், ஆறு மாதம் கட்டாயம் என்றே எண்ணுவார். ஆளெடுக்கும் செலவை நேரடியாகவோ மறைமுகமாகவோ தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்பதும் அதே சட்டத்தில் உள்ளது. நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் குடும்பங்கள் இந்த ஒரு வரியை விளங்கியிருத்தல் அவசியமல்லவா?

தாய்மார்களே! உங்களுக்கு ஆங்கிலம் தெரியாதிருப்பது இப்பயிற்சிக்குத் தடையன்று. இரண்டு கேள்விகள் போதும். "எந்த வரியில் இருக்கிறது, விரலை வைத்துக் காட்டு" என்று கேளுங்கள். அடுத்து, "அதை உன் சொந்தத் தமிழில் எனக்கு விளங்கும்படி சொல்" என்று கேளுங்கள். பிள்ளை தடுமாறினால் திட்டாமல், அந்த வரியை மீண்டும் மௌனமாக வாசிக்கச் செய்யுங்கள். உரக்க வாசிக்கும்போது கவனம் உச்சரிப்பின் மீது போய்விடுகிறது.

சனிக்கிழமைதோறும் மஃக்ரிபுக்குப் பின் நடைபெறும் மாலை வகுப்பில், வாரம் ஒரு பத்தியும் ஐந்து வினாக்களும் தர எண்ணியுள்ளோம். அதற்கான வாசகங்களை உங்கள் இல்லங்களிலிருந்தே வேண்டுகிறோம். மருந்து உறை, குக்கருடன் வரும் கையேடு, வங்கிக் கடிதம், விமானப் பயணச்சீட்டின் விதிகள் எதுவாயினும் நகலெடுத்துக் கொடுங்கள். பெயரையும் கணக்கு எண்ணையும் மையிட்டு மறைத்த பின் ஜமாஅத் அலுவலகத்தில் ஒப்படைக்கவும்.