ஆள் மாறியும் தொடர்ந்த நாடகம்



நாடகத்தைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தனர். மேடை நாடகம் அருகிவிட்ட இந்நாளில், இரவுதோறும் நம் இல்லங்களில் நடைபெறும் நாடகம் தொலைக்காட்சித் தொடரே. ஆதலின் அதனைப் பற்றியே பேசத் துணிந்தோம்.

2022 பிப்ரவரியில் சன் தொலைக்காட்சியில் 'எதிர்நீச்சல்' தொடங்கியது. இயக்கியவர் திருச்செல்வம். மதுரைக் கூட்டுக் குடும்பம் ஒன்று; வீட்டுப் பெண்டிரை அடுக்களையோடு அடக்கி வைக்கும் மூத்தவர் ஆதி குணசேகரன். அவ்வேடம் பூண்டவர் ஜி. மாரிமுத்து, 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்' ஆகிய படங்களை இயக்கியவர். தேனி மாவட்டத்து வருசநாட்டுப் பக்கம் அவருக்கு ஊர். அம்மலைக்கு அப்பால் நம் இடுக்கி என்பதை ஏலத்தோட்டத்து மக்களுக்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை. கம்பத்திலும் போடியிலும் இருந்து ஜீப்பில் மலையேறி வருவோரின் பேச்சு மணம் அவர் பேச்சில் இருந்தது. பள்ளியில் மலையாளம் பயிலும் நம் சிறார் பலர் பாட்டன் பேச்சைக் கேட்டது அப்பெட்டியில்தான். 'இந்தாம்மா ஏய்' என்று அவர் அதட்டினால், குணசேகரனை வெறுத்த பெண்களே குரலை விரும்பிச் சிரித்தனர். விந்தைதான்!

2023 செப்டம்பர் 8ஆம் நாள் காலை, அத்தொடருக்குக் குரல் பதிவு செய்யச் சென்ற இடத்தில் மாரடைப்பு, அன்றே மறைந்தார். எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அவ்வேடத்தை ஏற்றார். 'குற்றப் பரம்பரை' எழுதியவர், இராமநாதபுரத்துக்காரர். முன்னவரைப் போல் பேச அவர் முயலவில்லை. அதுவே முறை என்போம். ஆயினும் நம் வீடுகளில் பலர் அவரை நெடுநாள் ஏற்கவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஆள் மாறுவது நாடகத்துக்குப் புதிதன்று. அண்ணாவின் 'சிவாஜி கண்ட இந்து இராஜ்யம்' நாடகத்தில் சிவாஜி வேடம் பூணவிருந்தவர், பாலக்காட்டு வடவன்னூரைத் தாய்வழி ஊராகக் கொண்ட எம்.ஜி.ஆர். அவர் விலகவே வி. சி. கணேசன் நடித்தார், பெரியார் வாயால் 'சிவாஜி' ஆனார். ஆனால் அங்கே அவையோர் நெஞ்சில் வேறொரு சிவாஜி முன்பே குடியேறியிருக்கவில்லை. வேல ராமமூர்த்திக்கு அந்த வாய்ப்பு இல்லை. முந்நூறு இரவுகளுக்கு மேல் கேட்ட குரல் ஒன்று அவருக்கு முன்னே வீட்டில் உட்கார்ந்திருந்தது.

2024 ஜூனில் தொடர் முடிவுற்றது. அவ்வாண்டு டிசம்பரிலேயே 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று மீண்டும் வந்தது. இம்முறை தலைவி ஜனனியாக நடித்த மதுமிதாவும் இல்லை, பார்வதி வந்தார். வணிகமே இது என்று சிலர் கடிந்தனர். வணிகம் இல்லாமல் இல்லை. எனினும் குணசேகரனை எதிர்த்து நின்ற மருமக்கள் கதை முடியாதிருக்க, ஒருவர் மறைவோடு அதனையும் புதைப்பது அப்பெண்களுக்கு நீதியாகாது என்பதே நம் கருத்து.

ஒன்று மட்டும் சொல்லி அமர்வோம். நம் லயங்களில் சிறுவர்கள் விளையாட்டில் ஒருவரையொருவர் அதட்டும்போது, இன்றும் மாரிமுத்துவின் குரலிலேயே அதட்டுகின்றனர்.