சிமிழும் மணமும்



இலக்கிய வட்டமொன்றின் பத்தாண்டு நிறைவு விழாவில் பழைய வாசனைப் புட்டிகளையும் பவுடர்ச் சிமிழ்களையும் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் எண்ணக்கூடும். கவிதைகளைத் தொகுப்பவரையும் இப்பொருள்களைச் சேகரிப்பவரையும் ஒரே கேள்விதான் துரத்துகிறது: நாம் காப்பது கலத்தையா, கலத்தில் இருந்ததையா?

முதலில் புட்டியைப் பார்ப்போம். ஒரு காலத்தில் பிரெஞ்சு வாசனைத் திரவியங்கள் பெரும்பாலும் மருந்துக்கடைக் குப்பி போன்ற எளிய கலங்களில்தான் விற்கப்பட்டன. 1900களின் இறுதியில் பிரான்சுவா கோட்டி என்னும் வணிகர், நகைக் கலைஞர் ரெனே லாலிக்கிடம் தம் திரவியங்களுக்குப் புட்டி வடிவமைத்துத் தருமாறு கேட்டார். அச்சில் வார்த்த கண்ணாடியில், ஆயிரக்கணக்கில் செய்யத்தக்க அழகை லாலிக் உருவாக்கினார். அவர் 1945இல் மறைந்தார். அதுவரை புட்டிகளில் அவர் பெயரின் முதலெழுத்தும் சேர்ந்தே பொறிக்கப்பட்டது. பின்னர் அவ்வெழுத்து நீங்கியது. ஒரு புட்டியின் காலத்தைக் கணிக்கச் சேகரிப்பாளர் இன்றும் அந்த ஓரெழுத்தைத்தான் முதலில் தேடுகிறார். ஓர் எழுத்தின் மதிப்பைக் கவிஞர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1925இல் பாரிஸ் அலங்காரக் கலைக் கண்காட்சியின்போது குர்லேன் நிறுவனத்தின் ‘ஷாலிமார்’ புகழ்பெற்றது. பெயர் முகலாயர் தோட்டத்தினுடையது. புட்டி பக்காரா கண்ணாடிச்சாலையில் உருவானது. 1937இல் எல்சா ஸ்கியாபரெல்லியின் ‘ஷாக்கிங்’ வந்தது. ஓவியர் லியோனோர் ஃபினி அதன் புட்டியைப் பெண்ணின் மார்பளவுச் சிலையாக வடித்தார். அக்காலத்து உயர்ந்த புட்டிகள் பலவற்றில், அடைப்பானிலும் புட்டியிலும் ஒரே எண் கீறப்பட்டிருக்கும். ஒவ்வோர் அடைப்பானும் தன் புட்டியின் கழுத்துக்கென்றே தேய்த்துப் பொருத்தப்பட்டது, வேறொன்றுக்குப் பொருந்தாது.

இனி உள்ளிருப்பது. கண்ணாடி நூறாண்டு நிற்கும், மணம் நிற்பதில்லை. ஒளியும் வெப்பமும் காற்றும் அதன் பகைகள். எலுமிச்சை இனத்து மேல்மணங்கள் முதலில் மங்கும். அடியில் உள்ள பிசின், மர மணங்கள் நெடுநாள் தங்கும். பழைய புட்டியைத் திறந்து முகர்பவர், பாடலின் பல்லவியை இழந்து சரணத்தை மட்டும் கேட்கிறார். புதிதாகச் செய்துகொள்வதும் எளிதன்று. கோட்டி 1917இல் வெளியிட்ட ‘ஷீப்ர’ ஒரு மணக்குடும்பத்துக்கே பெயரானது. அதன் உயிரான ஓக் மரப்பாசியில் உள்ள சில பொருள்கள் தோலில் ஒவ்வாமை தருவதால், ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் அவற்றைத் தடைசெய்தது.

இந்த இழப்புக்கு விடை காண 1990இல் பிரான்சின் வெர்சாய் நகரில் ‘ஓஸ்மோதெக்’ என்னும் மணக் காப்பகம் பிறந்தது. தோற்றுவித்தவர்களுள் முதல்வர் வாசனைக் கலைஞர் ஜான் கெர்லியோ. அங்கே மறைந்த மணங்களைப் பழைய சூத்திரங்களின்படி மீண்டும் ஆக்குகிறார்கள். 12 பாகை வெப்பநிலையில், இருட்டில், ஆர்கான் வாயுவின் கீழ் வைக்கிறார்கள். சேகரிப்பாளர் கலத்தைக் காக்கிறார். காப்பகம் சூத்திரத்தைக் காக்கிறது. இரண்டும் வேண்டும்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அதை யாரும் காப்பதில்லை. அதைக் காட்டுவது பவுடர்ச் சிமிழ்.

முதல் உலகப் போருக்குப் பின், பெண்கள் பொது இடத்தில் முகத்துக்குப் பவுடர் இட்டுக்கொள்ளும் துணிவு பரவியபோது, கைப்பையில் அடங்கும் இச்சிமிழும் பரவியது. ஆடி, பவுடர்த் தட்டு, சல்லடை, ஒற்றுபஞ்சு – உள்ளங்கைக்குள் ஓர் ஒப்பனை அறை. பர்மிங்காமின் ஸ்ட்ராட்டன் நிறுவனம், நகம் முறியாதபடி தானே திறக்கும் உள்மூடியை அமைத்தது. இரண்டாம் உலகப் போரில் பித்தளை தோட்டாக்களுக்குத் தேவைப்பட்டபோது, மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் சிமிழ்கள் செய்யப்பட்டன. போரின் வரலாறு ஒரு பெண்ணின் கைப்பையிலும் எழுதப்பட்டது.

ஆனால் சந்தையின் கணக்கு வேறு. பிரிக்கப்படாத புட்டிக்கும், பஞ்சு படாத சிமிழுக்குமே உயர்ந்த விலை. தட்டின் நடுவே விரல் போன இடத்துக் குழிவு, மூடியில் யாரோ பொறிக்கச் செய்த முதலெழுத்துகள், உள்ளே தங்கிய ஒரு சிட்டிகை ரோஜாநிறத் தூள் – இவையெல்லாம் குறை என்று கழிக்கப்படுகின்றன. பட்டியல்களில் செய்தவர் பெயர் உண்டு, ஆண்டு உண்டு. நாள்தோறும் திறந்து மூடிய பெண்ணின் பெயர் இல்லை. இதை நான் மறுக்கிறேன். பயன்பட்டதன் தடயமே அப்பொருளின் உயிர். அதைத் துடைத்து மெருகேற்றுவது, ஏட்டின் ஓரத்தில் படித்தவர் எழுதிய குறிப்பை அழிப்பதற்கு ஒப்பாகும்.

நண்பர்களே, சிமிழ் என்ற சொல் நம்மிடம் முன்பே உண்டு. செப்பு உண்டு, பேழை உண்டு. நம் வீட்டு அலமாரிகளிலும் பாட்டியின் குங்குமச் சிமிழோ காலியான அத்தர்க் குப்பியோ இருக்கும். அதைப் பழைய பாத்திரக்காரரிடம் போடுமுன் ஒன்று செய்யுங்கள். யாருடையது, எந்த நாளில் எடுக்கப்பட்டது, திறந்தால் என்ன மணத்தது என்று ஒரு சிறு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். மணத்தைக் காக்க நம்மிடம் ஆர்கான் இல்லை, சொல் இருக்கிறது. பத்தாண்டாக இவ்வட்டம் செய்துவரும் பணியும் அதுவே.