இளவேனிலும் தேனீக் குடியும்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை பிறந்ததும் யாழ்ப்பாணத்து வீட்டு வளவுகளிலே பூக்காலம் தொடங்கிவிடுகின்றது. முதலில் மாவும் முருங்கையும் பூக்கும். பங்குனி, சித்திரையில் வேம்பு பூத்து முற்றமெங்கும் பொரி சிந்தினாற்போலக் கிடக்கும். தென்னையோ ஆண்டு முழுவதும் பாளை வெடித்த வண்ணமே நிற்கும். இளவேனில் என்று நூலோர் வகுத்தது சித்திரை, வைகாசி ஆகிய இரு திங்களையுமே ஆயினும், தேனீயின் இளவேனில் அதற்கு முன்னரே பிறந்துவிடுகின்றது.

வேலியோரத்தில் இரண்டொரு தேனீப் பெட்டி வைத்திருப்பவரின் எண்ணம் இக்காலத்தில் தேனிலேயே இருக்கும். தேனீக்களின் நோக்கமோ வேறு. மகரந்தம் மிகுதியாக வந்து சேர, இராணித்தேனீ இடைவிடாது முட்டையிடுகிறது, குடி பெருகுகிறது, பெட்டி நிறைகிறது. நிறைந்த குடி இரண்டாகப் பிரிய முற்படும். பழைய இராணி, ஊழியத் தேனீக்களிற் பெரும்பகுதியை உடனழைத்துக்கொண்டு வெளியேறிவிடும். எஞ்சிய சிறு கூட்டம் புதிய இராணி தலையெடுக்கும்வரை காத்திருக்க, அதற்குள் வேம்பின் பூ உதிர்ந்துவிடும். அவ்வாண்டுத் தேன் அத்துடன் போயிற்று.

முற்காலத்தில் மட்பானையிலும் குடைந்த மரத்துண்டிலும் தேனீ வளர்த்தோருக்கு இதனை முன்னறிய வழியிருக்கவில்லை. 1851 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே லாங்ஸ்ட்ரொத் என்னும் போதகர், ஏறக்குறைய 9 மில்லிமீற்றர் இடைவெளியைத் தேனீக்கள் மெழுகாலோ பிசினாலோ அடைப்பதில்லை என்பதை உணர்ந்து, வதைகளைச் சட்டத்தோடு தூக்கிப் பார்க்கத்தக்க பெட்டியை ஆக்கினார். உருவிற் சிறிய நமது தேனீக்கு ஏற்ற சிறு பெட்டியை, 1911 முதல் 1917 வரை திருச்சிராப்பள்ளிப் பகுதியில் தேனீ வளர்ப்பைப் பயிற்றிய நியூட்டன் பாதிரியார் அமைத்தார். நியூட்டன் பெட்டி என்ற பெயர் இன்றும் வழங்குகின்றது.

சட்டத்தைத் தூக்கிப் பார்க்கலாம் என்பதற்காக நாள்தோறும் தூக்கிப் பார்த்தல் தகாது. நமது தேனீ மானமுள்ள உயிர். அடிக்கடி தொந்தரவு செய்தால் குடியையே பெயர்த்துக்கொண்டு போய்விடும். அதற்கும் ஓர் எளிய வழியுண்டு. வாரத்துக்கு ஒருமுறை அடிப்பலகையைத் துடைக்கும்போது, நடுவில் ஊசித்துளை போன்ற துளையுள்ள சிறு மூடிகள் உதிர்ந்து கிடக்கின்றனவா என்று நோக்குதல் வேண்டும். அவை ஆண்தேனீ வளரும் அறைகளின் மூடிகள். ஆண்தேனீ பெருகுகிறதென்றால் குடி பிரியும் காலம் அண்மிவிட்டது என்பதே பொருள். வதைகளை எடுத்துப் பார்க்க வேண்டிய தருணம் அதுவே.

வதையின் கீழ் விளிம்பில் நிலக்கடலைக் கோது போலத் தொங்குவன இராணி அறைகள். அவற்றைக் கண்ட மாத்திரத்தே நசுக்கிவிடுவோர் பலர். அது வீண் வேலை. பிரியத் துணிந்த குடி மீண்டும் மீண்டும் அறை கட்டிக்கொண்டேயிருக்கும். தேனீக்கள் பிரியுமுன் அவற்றை நாமே பிரித்துவிடுவதுதான் நல்ல உபாயம். பழைய இராணி நடமாடும் வதையையும், மூடிய புழுவறைகள் நிறைந்த இரண்டொரு வதைகளையும், அவற்றைப் பற்றியிருக்கும் தேனீக்களோடு புதிய பெட்டிக்கு மாற்றி அப்பாலே வைத்தல் வேண்டும். மற்றொரு வதைத் தேனீக்களையும் அதனுள் உதறிவிடுதல் நன்று. வெளியே பறந்து பழகியவை எப்படியும் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். பழைய பெட்டியில் நன்கு வளர்ந்த இராணி அறை ஒன்றோ இரண்டோ இருந்தாற் போதும். அறையின் முனையில் மெழுகு நீங்கிப் பழுப்பு நிறம் தோன்றினால் இளம் இராணி வெளிவரும் நாள் அணுகிவிட்டது. அது பறந்து சென்று ஆண்தேனீக்களுடன் கூடித் திரும்பி முட்டையிடத் தொடங்கும்வரை, ஏறக்குறைய இரண்டு வாரம், அப்பெட்டியைத் திறவாதிருத்தல் நலம்.

கவனம் தப்பிக் கூட்டம் வெளியேறிவிட்டாலும் முற்றும் இழந்ததாகாது. அது முதலிற் பக்கத்துப் பூவரசிலோ முருங்கையிலோ கொத்தாகத் தொங்கும். புறப்படுமுன் வயிறு நிறையத் தேன் குடித்திருப்பதால் அவை எளிதிற் கொட்டுவதில்லை. வேவுத் தேனீக்கள் நாற்றிசையும் சென்று பொந்து தேடித் திரும்பி, கண்ட இடத்தை நடனத்தால் அறிவிக்கும். ஒரே இடத்துக்கான நடனம் மேலோங்கும்வரை கூட்டம் அங்கேயே தங்கும் என்பதை ஜெர்மனியில் மார்ட்டின் லிண்டவர் 1950களில் ஆராய்ந்து காட்டினார். அந்த ஆலோசனை முடியுமுன் கூட்டத்தைப் பெட்டியில் ஏற்றிவிடவேண்டும். சில வேளை அது சில நாழிகையில் முடிந்துவிடும். ஆகையால் வெற்றுப் பெட்டி ஒன்று எப்போதும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.

தேன் எடுப்பதில் ஒரு வரம்புண்டு. மேலே உள்ள தேனறையிலிருந்து மட்டுமே, அதுவும் மெழுகால் மூடிய வதையை மட்டுமே எடுத்தல் முறை. மூடாத வதையின் தேனில் நீர் மிகுதி, நாட்செல்லப் புளித்துவிடும். கீழறைத் தேன் குடியின் உணவு.

வெங்காயத் தோட்டமும் மிளகாய்த் தோட்டமும் அருகிலிருக்கும் வளவுகளில் மற்றோர் ஆபத்தும் உண்டு. பூச்சிநாசினியைக் காலையில் தெளித்தால், நண்பகலுக்குள் பெட்டி வாயிலில் இறந்த தேனீக்கள் குவிந்து கிடக்கும். மாலையில், தேனீக்கள் அடங்கியபின் தெளிக்கும்படி அயற் கமக்காரரிடம் கேட்டுக்கொள்வதும், ஆண்டுதோறும் ஒரு போத்தல் தேனை அவர் வீட்டுக்கு அனுப்பிவைப்பதும் பயன் தரும்.

வைகாசியில் சோழகக் காற்று வீசத் தொடங்கி நிலம் வறண்டதும் பூ அருகிவிடும். பெட்டியின் கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. கிணற்றடியில் அகன்ற சட்டியொன்றில் சிறு கற்களிட்டு நீர் வைத்தால் தேனீக்கள் மூழ்காமற் குடிக்கும். தேன் குறைந்த குடிக்குச் சீனியும் நீரும் சம அளவிற் கலந்து காய்ச்சி ஆறிய பாகைப் பெட்டியினுள்ளே, பொழுது பட்டபின் வைத்தல் வேண்டும். பகலில் வைத்தால் மணமறிந்து மற்றைப் பெட்டித் தேனீக்கள் கொள்ளையிட வந்துவிடும்.