அவரவர் தேநீர்

ஒரு வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு விதமான தேநீர் வேண்டியிருக்கும். ஒருவருக்கு அது கடுப்பாக இருக்க வேண்டும். மற்றொருவருக்குப் பால் மிகுந்திருக்க வேண்டும். மூன்றாமவருக்கு இஞ்சி தட்டிப் போடாவிட்டால் அது தேநீரே அன்று. நான்காமவரோ, சர்க்கரை என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்பார். தேநீர்க்கடை வாசலில் சிறிது நேரம் நின்று பாருங்கள். “ஸ்ட்ராங்காக ஒன்று, லைட்டாக ஒன்று, சர்க்கரை இல்லாமல் இரண்டு” என்று குரல்கள் எழுந்துகொண்டே இருக்கும். கடைக்காரர் எதையும் எழுதிக்கொள்வதில்லை. ஆனால் ஒருவருடைய தேநீர் மற்றொருவர் கைக்குப் போவதும் இல்லை.

இவற்றுள் நல்ல தேநீர் எது? இந்த வினாவுக்கு முடிவாக விடை கூறிவிட வேண்டும் என்று முயன்றவர்கள் பலர். அவர்கள் வகுத்த விதிகளுக்கு என்ன நேர்ந்தது என்பதை இன்று உங்களோடு சற்றே எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

அவர்களுள் மூத்தவர் சீன நாட்டு லூ யூ. தாங் மரபினர் ஆண்ட எட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். தேயிலைக்கென்றே ஒரு நூல் செய்தவர். அந்நாளில் இலையை ஆவியில் வேகவைத்து, இடித்து, அச்சில் அழுத்திக் கட்டியாக்கி உலர்த்தி வைப்பார்கள். வேண்டும்போது அதைப் பொடித்துக் கொதிக்கும் நீரில் இடுவார்கள். பொதுமக்கள் அதனோடு வெங்காயம், இஞ்சி, இலந்தை, ஆரஞ்சுத் தோல், புதினா முதலியவற்றையும் சேர்த்துக் கொதிக்கவிட்டார்கள். லூ யூவுக்கு இது பொறுக்கவில்லை. இவ்வாறு காய்ச்சியதைச் சாக்கடை நீருக்கு ஒப்பிட்டுப் பேசினார். தண்ணீரிலும் அவர் தரம் பிரித்தார்: மலைநீர் முதல் தரம், ஆற்றுநீர் இடைத்தரம், கிணற்றுநீர் கடைத்தரம். இவ்வளவும் சொன்னவர், தம் தேநீரில் மட்டும் சிறிது உப்பு இட்டுக்கொண்டார் என்பதையும் நாம் மறக்கலாகாது! அவர் விலக்கிய இஞ்சியோ, ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் நம் தெருமுனைக் கடையில் தட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது.

இனி இங்கிலாந்துக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர் முடிந்தும் தேயிலைக்குப் பங்கீடு நீங்காத காலம். ஆளுக்கு வாரம் 2 அவுன்சுதான். 1946 ஜனவரியில் ஜார்ஜ் ஆர்வெல் ஒரு லண்டன் மாலைப் பத்திரிகையில் நல்ல தேநீருக்கு 11 விதிகளை எழுதினார். பீகாரிலுள்ள மோதிஹாரியில் பிறந்த அவருக்கு இந்தியத் தேயிலையோ இலங்கைத் தேயிலையோதான் வேண்டும். சீனத் தேயிலையில் ஊக்கம் தரும் வேகம் போதாது என்பது அவர் எண்ணம். ஒரு லிட்டருக்குச் சற்று மேல் கொள்ளும் பாத்திரத்துக்கு ஆறு கரண்டி, அதுவும் குவித்து! முதலில் தேநீர், பிறகுதான் பால். சர்க்கரை கூடவே கூடாது. சர்க்கரை போடுகிறவர் மிளகையோ உப்பையோ போட்டுக்கொண்டாலும் ஒன்றுதான் என்று அவர் இகழ்ந்தார். லூ யூவின் உப்பு அவர் நினைவுக்கு வரவில்லை போலும். திபெத்தில் வெண்ணெயும் உப்பும் சேர்த்துக் கடைகிறார்கள். காஷ்மீரத்தில் உப்பும் சோடாவும் இட்டு இளஞ்சிவப்பு நிறத்தில் தேநீர் இறக்குகிறார்கள். அவர்களுக்கு இது ஏளனமன்று, அன்றாட உணவு.

பாலை முன்னே ஊற்றுவதா, பின்னே ஊற்றுவதா என்னும் வழக்கு ஆர்வெலோடு முடியவில்லை. அவர் பிறந்த நூற்றாண்டு நிறைவில், 2003-இல், பிரிட்டனின் அரச வேதியியல் கழகம் அவருக்கு எதிராகத் தீர்ப்புக் கூறியது. கொதிக்கும் தேநீரில் பாலைச் சிறிது சிறிதாக ஊற்றினால் அதிலுள்ள புரதங்கள் வெப்பத்தால் இயல்பு கெடுகின்றன. எனவே பால்தான் முன்னே செல்ல வேண்டும் என்பது அவர்கள் கட்சி. விஞ்ஞானம் பயிலும் மாணவர்கள் இதில் வேறொன்றையும் கவனிக்கலாம். பாலிலுள்ள கேசீன் என்னும் புரதம் தேயிலையின் துவர்ப்புப் பொருள்களைப் பற்றிக்கொள்கிறது. நாவில் உறைக்க வேண்டிய துவர்ப்பு அதனால் தணிகிறது. அஸ்ஸாமின் கடுமையான தேயிலை பாலைத் தாங்கி நிற்பதும், டார்ஜிலிங்கின் மெல்லிய மணம் பாலில் மூழ்கி மறைவதும் இக்காரணத்தைக் கொண்டே பெரிதும் விளங்கும்.

டார்ஜிலிங் என்றவுடன் ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். அங்கே மே, ஜூன் மாதங்களில் பறிக்கும் கொழுந்தில் ஒருவகைத் திராட்சை மணம் கமழும். அதற்காகவே பெரும் பொருள் கொடுப்பவர்கள் உண்டு. அம்மணத்துக்கு உதவுவது யார் தெரியுமா? தத்துப்பூச்சியும் இலைப்பேனுந்தான். அவை கொழுந்தைக் கடித்துச் சாற்றை உறிஞ்சும்போது செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சில மணப்பொருள்களை உண்டாக்குகிறது. வேறு பயிரில் கேடு என்று நாம் மருந்தடிக்கும் பூச்சிக்கடி, இங்கே கோப்பையில் இன்பமாக வந்து சேருகிறது.

நம் நாட்டுக் கதை இவற்றினும் சுவையானது. அஸ்ஸாம் தேயிலை லண்டனில் முதன்முதலாக ஏலம் போனது 1839-இல். அதன்பின் ஏறக்குறைய நூறாண்டுக் காலம், இங்கே விளைந்ததில் பெரும்பகுதி அயலார் நாவுக்கே சென்றது. 1930-களில் உலகெங்கும் வாணிகம் படுத்தது. தேயிலை விலையும் வீழ்ந்தது. ஏற்றுமதியைக் குறைத்துக்கொள்வதென்று இந்தியா, இலங்கை, டச்சுக்காரர் வசமிருந்த கிழக்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் உற்பத்தியாளர்கள் 1933-இல் உடன்பட்டார்கள். அப்போதுதான் உள்நாட்டு மக்களின் வாய் அவர்கள் கண்ணில் நன்றாகப் பட்டது. ஊர் ஊராகச் சென்று தேநீர் போட்டுக் காட்டினார்கள், இலவசமாகவும் கொடுத்தார்கள். தமிழ்நாட்டு நடுத்தர வீடுகளில் காப்பி முன்னமே குடிபுகுந்திருந்தது. தேநீரோ உழைப்பாளர் கூடும் கடைகளில் இடம் பிடித்தது.

மக்கள் குடிக்கக் கற்றார்கள். ஆனால் சொல்லிக் கொடுத்தபடி குடிக்கவில்லை. பாலை மிகுதியாக ஊற்றினார்கள், ஏலத்தையும் இஞ்சியையும் சேர்த்தார்கள், எல்லாவற்றையும் ஒன்றாகவே கொதிக்கவிட்டார்கள். பிரசாரகர்களுக்கு இது பிடிக்கவில்லை. மசாலை சேரச் சேரத் தேயிலை குறைவாகச் செலவாகும் என்ற கவலை அவர்களுக்கு! அவர்கள் தடுத்தும் மக்கள் நாக்கே வென்றது.

அது முழு வெற்றியா என்று கேட்டால், அன்று என்றே சொல்வேன். 1930-இல் அஸ்ஸாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் என்பவர் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் இயந்திர முறை ஒன்றைக் கண்டார். சி.டி.சி. என்பது அதுதான். இவ்வாறு செய்த குருணைத் தேயிலை விரைவில் நிறம் இறங்கும், ஒரு கிலோவுக்கு மிகுதியான கோப்பைகள் கிடைக்கும், விலையும் எட்டும். இன்று இந்தியாவில் விளைவதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கை இந்தியரே குடிக்கிறோம். அதில் பெரும்பகுதி இம்முறையில் ஆனதே. ஆகவே “எனக்குக் கடுப்பாக இருந்தால்தான் பிடிக்கும்” என்று நாம் கூறும்போது, நம்முடைய நாக்கோடு நம்முடைய பணப்பையும் சேர்ந்துதான் பேசுகிறது. பால் கலந்தது தேநீரே அன்று என்று மூக்கைச் சுளிப்பவர்களை நான் ஒப்புக்கொள்வதில்லை. அதே சமயம், பாலின்றி ஒரு முறையேனும் குடித்துப் பாராதவர் பால் தேநீரைத் தேர்ந்துகொண்டார் என்று எப்படிச் சொல்வது? வேறொன்றை அறியாமல் வந்தது பழக்கம்.

குடித்துத் தரம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கும் விதி உண்டு. 1980-இல் வெளிவந்த பன்னாட்டுத் தர ஏற்பாட்டின்படி, 100 மில்லிலிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலையிட்டு ஆறு நிமிடம் ஊறவிட வேண்டும். பலருக்கு அது கசக்கும். அந்த ஏற்பாடு இன்பமாகக் குடிப்பதற்கென்று வகுத்ததன்று. எல்லாத் தேயிலையையும் ஒரே நிலையில் நிறுத்தி ஒப்பிடுவதற்கு மட்டுமே வகுத்தது. விதி வகுத்தவர்களுள் எனக்கு மிகவும் பிடித்தவர்கள் இவர்களே. எது உனக்குப் பிடிக்க வேண்டும் என்று இவர்கள் சொல்வதில்லை அல்லவா?

சர்க்கரையைக் கரைக்காமல் கடித்துக்கொண்டே குடிப்பது ஒரு தனிச் சுவை. ஈரானியர் கற்கண்டு போன்ற சர்க்கரைக் கட்டியைப் பல்லிடையில் வைத்துக்கொண்டு தேநீரை உறிஞ்சுவார்கள். ருஷ்யர்களிடமும் இவ்வழக்கம் இருந்தது. யாழ்ப்பாணத்தில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு ‘தேத்தண்ணி’ குடிப்பார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றதாகத் தோன்றவில்லை.

அதே இலங்கையின் மலைநாட்டில் 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். நோயால் காப்பிப் பயிர் அழிந்தபின் மலைச்சரிவெங்கும் தேயிலையே பரவியது. தமிழகத்திலிருந்து சென்றவர்களும் அவர் வழிவந்தவர்களும் அக்கொழுந்தைப் பறித்தார்கள். ஊவாவின் உலர்காற்றுக் காலத்து மணமும் நுவரெலியாவின் இளநிறமும் கடல் கடந்து, உயர்ந்த விலை கொடுப்பவர் கோப்பைக்குப் போயின. பறித்தவர் வீடுகளில் நெடுங்காலம் வழங்கியது பாலில்லாத ‘சாயம்’; பெரும்பாலும் தூளில் இறக்கியது. விடியற்காலையில் ரொட்டியோடு அதைக் குடித்துவிட்டு, கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு மலையேறுவார்கள்.