சாட்சியாகப் படிக்கப்பட்ட புதினம்: மார்மன் பலதார மணமும் வாசகர் எதிர்வினையும்



வரலாற்றுப் புதினத்தை வாசகர் எவ்வாறு ஏற்கின்றனர் என்பது, அவ்வரலாறு யாருடையது என்பதைப் பொறுத்தே பெரிதும் அமைகிறது. தொலைவில் இருப்போர்க்குக் கதையாகத் தோன்றுவது, அம்மண்ணில் பிறந்தோர்க்குப் பாட்டியின் வாழ்க்கையாகத் தோன்றும். இதனைத் தெளிவுறக் காட்டும் நூல், அமெரிக்க எழுத்தாளர் மாரீன் விப்பிள் எழுதி 1941-இல் வெளிவந்த 'தி ஜயண்ட் ஜோஷுவா' என்னும் புதினமாகும்.

வரலாற்றுப் பின்னணி

மார்மன் திருச்சபையை 1830-இல் நிறுவியவர் ஜோசப் ஸ்மித். 1844-இல் அவர் கொல்லப்பட்டபின், பிரிகாம் யங் தலைமையில் அம்மக்கள் 1847-இல் யூட்டாவின் உப்பு ஏரிப் பள்ளத்தாக்கை அடைந்தனர். ஆடவன் ஒருவன் பல மனைவியரை மணத்தல் இறையாணை என்னும் கொள்கை 1852-இல் வெளிப்படையாக அறிவிக்கப்பெற்றது. அமெரிக்க அரசு 1862, 1882, 1887 ஆகிய ஆண்டுகளில் இதற்கு எதிராக அடுத்தடுத்துச் சட்டங்கள் இயற்றியது. 1890-இல் திருச்சபைத் தலைவர் வில்ஃபோர்டு உட்ரஃப் இவ்வழக்கத்தைக் கைவிடுமாறு அறிவித்தார். 1896-இல் யூட்டா மாநிலத் தகுதி பெற்றது.

அறிவிப்புக்கும் புதினத்துக்கும் இடையே கழிந்தவை 51 ஆண்டுகளே. பல தாயர் இருந்த இல்லங்களில் வளர்ந்த பிள்ளைகள் முதியவர்களாக இன்னும் வாழ்ந்துகொண்டிருந்த காலம் அது. எதிர்வினையின் வேகத்துக்கு இதுவே முதற்காரணம் எனலாம்.

புதினத்தின் களம்

1861-இல், பருத்தி விளைவிப்பதற்காக ஏறத்தாழ 300 குடும்பங்கள் தெற்கு யூட்டாவின் பாலை நிலத்துக்கு அனுப்பப்பட்டன. அவர்கள் அமைத்த ஊர் செயின்ட் ஜார்ஜ். வர்ஜின் ஆற்றில் கட்டிய அணைகளை வெள்ளம் மீண்டும் மீண்டும் உடைத்துச் சென்றது. மக்கள் மீண்டும் மீண்டும் கட்டினர். இவ்வூரில்தான் 1903-இல் விப்பிள் பிறந்தார். முதியோர் வாய்மொழியாகச் சொன்ன செய்திகளே அவருடைய புதினத்துக்கு உரமாயின.

கதைத்தலைவி கிளோரி, பதினேழு வயதில் அபைஜா மெக்கின்டயரின் மூன்றாம் மனைவியாகிறாள். மூத்தாள் பத்சேபாவின் கடுமை, பிள்ளைகளைச் சாகக் கொடுத்த துயரம், கணவனின் விலகல் ஆகியவற்றோடு, ஓர் ஊரைக் கட்டியெழுப்பிய பெருமிதமும் அவள் வாழ்வில் கலந்து நிற்கிறது.

மூவகை வாசகர்

முதல் வகையினர் வெளியுலக வாசகர். பாஸ்டன் நகரப் பதிப்பகமான ஹாட்டன் மிஃப்லின் 1938-இலேயே விப்பிளுக்கு எழுத்து நல்கை அளித்து ஊக்குவித்தது. நூல் வெளிவந்ததும் நாடளாவிய திறனாய்வாளர் பலர் பாராட்டினர். ஆயினும் இவ்வாசகர் வெற்று மனத்தோடு வந்தவர் அல்லர். கானன் டாயில் 1887-இல் வெளியிட்ட முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையிலேயே மார்மன்கள் பெண்ணை வலிந்து மணக்கும் கொடியவராகச் சித்திரிக்கப்பட்டிருந்தனர். அவ்வழிவந்த வாசகர் கிளோரியின் கண்ணீரைத் தம் பழைய தீர்ப்புக்குக் கிடைத்த புதுச் சான்றாகக் கொண்டனர்.

இரண்டாம் வகையினர் திருச்சபையினர். பன்னிரு அப்போஸ்தலருள் ஒருவரான ஜான் விட்சோ, சபையின் இதழில் இந்நூலுக்கு மதிப்புரை எழுதினார். பாலையை ஊராக்கிய உழைப்பு காவியத் தன்மையோடு வந்திருப்பதை ஒப்பிய அவர், பலதார மணம் நேர்மையுடன் காட்டப்படவில்லை என்று குறை கண்டார். அவர் மனைவி லியா, பிரிகாம் யங்கின் பேத்தி என்பது ஈண்டு கருதத்தக்கது. யங்குக்கு மனைவியர் ஐம்பதுக்கும் மேற்பட்டோர். ஆகவே அம்மதிப்புரை கொள்கைக் காவலரின் குரல் மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் குரலும் அதில் உண்டு.

மூன்றாம் வகையினர் செயின்ட் ஜார்ஜ் ஊரார். இவர்களின் சினமே ஆழமானது. வீட்டுத் திண்ணையில் நம்பிச் சொன்னவை அச்சேறிவிட்டன என்று மனம் புண்பட்டனர். அவர்களை அறியாமையுடையோர் என்று ஒதுக்குதல் முறையாகாது. தம் பாட்டியர் கேலிப்பொருளாக்கப்பட்ட காலத்தை அவர்கள் மறந்திருக்கவில்லை. யூட்டாப் பெண்டிர் 1870-இல் வாக்குரிமை பெற்றனர். அவ்வாண்டிலேயே பெருங்கூட்டமாகத் திரண்டு பலதார மண எதிர்ப்புச் சட்ட முயற்சியைக் கண்டித்தனர். அவர்களை மீட்கவென்று சொல்லிக்கொண்ட அரசு, 1887-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அவ்வாக்குரிமையையே பறித்தது. அப்பெண்களைப் பேதையர் என்று காட்டும் எந்த எழுத்தையும் பேரப்பிள்ளைகள் ஐயுற்றது இயல்பே.

பிறழ்ந்த வாசிப்பு

பாராட்டியோரும் பழித்தோரும் ஒரு செய்கையில் ஒன்றுபட்டனர். இருசாராரும் கிளோரியைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினர். ஒருசாரார் அவளை உண்மைச் சாட்சி என்றனர். மறுசாரார் பொய்ச் சாட்சி என்றனர். அபைஜா முழுக் கொடியவன் அல்லன். இறையச்சத்துக்கும் ஆசைக்கும் இடையே தடுமாறுபவன். பத்சேபாவின் கடுமைக்குள்ளும், கணவனைப் பங்கிட்டுக்கொண்ட முதல் மனைவியின் காயம் இருக்கிறது. சக்களத்தியர் மூவரும் ஒரே அடுப்பைச் சுற்றி வாழ்ந்த வாழ்வின் நுட்பம் வழக்குரைக்கும் கண்ணுக்குப் புலப்படவில்லை. பின்னாளில் யூஜின் இங்கிலாந்து போன்ற மார்மன் திறனாய்வாளர்களே இப்புதினத்தைத் தம் மக்களின் தலைசிறந்த புதினமாக மதிப்பிட்டனர்.

இதே சிக்கல் 2008-இலும் எழுந்தது. பிரிகாம் யங்கிடம் 1873-இல் மணவிலக்கு கோரி வழக்குத் தொடுத்த ஆன் எலைசாவின் வாழ்வை, டேவிட் எபர்ஷாஃப் 'தி நைன்டீன்த் ஒய்ஃப்' என்னும் புதினமாக்கினார். இக்காலப் பிரிவுக் குழு ஒன்றில் நிகழும் கொலைக்கதையும் அதில் பின்னப்பட்டுள்ளது. அவ்வாண்டு ஏப்ரலில்தான் டெக்சாஸில் அத்தகைய குழுவொன்றின் குடியிருப்புக்குள் அரசு அதிகாரிகள் புகுந்திருந்தனர். புனைந்த கடிதங்களும் செய்தித்தாள் பகுதிகளும் ஆவண வடிவில் அமைந்தமையால், எது வரலாறு, எது கற்பனை என்னும் வினாவே முன்னின்றது. 1890-இல் வழக்கத்தைக் கைவிட்ட திருச்சபையையும், அதிலிருந்து பிரிந்து அதனைத் தொடரும் குழுக்களையும் ஒன்றெனக் கருதும் மயக்கத்துக்கும் இடம் நேர்ந்தது.

நிறைவாக

விப்பிள் தம் புதினத்தின் தொடர்ச்சியை எழுதத் திட்டமிட்டிருந்தார், முடிக்கவில்லை. 1992-இல் மறைந்தார். அந்த 51 ஆண்டு இடைவெளியில் இன்னொரு புதினம் அவரிடமிருந்து வெளிவரவில்லை. உடல்நலமும் வறுமையும் காரணமாயின எனினும், சொந்த ஊர் முகம் திருப்பிக்கொண்டதன் சுமையையும் புறக்கணித்தற்கில்லை.

பத்தாண்டுகளாக நூல்களைக் கூடிப் படித்துவரும் இவ்வட்டத்தார்க்கு இதில் ஒரு செய்தி உண்டு. எழுத்தாளர்க்குத் தம் மக்களைப் பற்றி உண்மை எழுதும் கடமை இருப்பதுபோல், வாசகர்க்கும் ஒரு கடமை இருக்கிறது. பாத்திரத்தைச் சாட்சியாக விசாரிக்குமுன், அவளை ஒரு பெண்ணாக அறிந்துகொள்வதே அக்கடமை. கிளோரிக்கு அவ்வாய்ப்பு நெடுங்காலம் தாழ்த்தே கிடைத்தது.